பார்க்கலாம், சும்மாதான், வந்துகிட்டே இருக்கேன்

கோலாலம்பூர் செந்தூலில் சித்தி வீட்டுக் கூடத்தில் ஒரு மாலை முழுக்கத் தலைக்கணக்கு போட்டுக்கொண்டிருந்தோம். கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள். சமையல்காரர் வியாழக்கிழமைக்குள் எண்ணிக்கை வேண்டும் என்று சொல்லியிருந்தார். சித்தி மகள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, பள்ளிக்கூட நோட்டில் மூன்று பத்தி கட்டி எழுதி வைத்திருந்தாள். முதல் பத்தியில் வருகிறவர்கள். இரண்டாவதில் வராதவர்கள், அங்கே நான்கைந்து பெயர்தான். மூன்றாவது பத்திக்குத் தலைப்பாக ஒரு கேள்விக்குறி. அது அடுத்த பக்கத்துக்கும் ஓடியிருந்தது.

"வரலன்னு இவங்கள்ல யாரும் சொல்லலையேம்மா. எல்லாரையும் வர்றவங்க கணக்குல சேர்த்துடட்டுமா?"

சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டை வாங்கினார். "கிள்ளான் மாமா என்ன சொன்னாரு?"

"பார்க்கலாம்மான்னு சொன்னாரு."

"அப்ப வருவாரு. ஆறு பேர் போட்டுக்க. ரவாங் அத்தை?"

"கண்டிப்பா வர முயற்சி பண்றோம்னாங்க."

"அவங்க வரமாட்டாங்க. பூச்சோங் அண்ணன்?"

"நீங்க கூப்பிட்டு நாங்க வராம இருப்போமான்னு கேட்டாரு."

சித்தி கொஞ்சம் யோசித்தார். "அவன் மட்டும் வருவான். ஒண்ணுன்னு போடு."

கல்யாணத்தன்று சித்தியின் கணக்கு அநேகமாகச் சரியாகவே இருந்தது. எனக்கு வியப்பாக இருந்தது அதுவல்ல. சித்தி மகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் தமிழ் எடுத்தவள், வீட்டில் தமிழ்தான் பேசுகிறாள். போனில் கேட்ட ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரிந்திருந்தது. ஆனாலும் பதில் என்ன என்று புரியவில்லை. சொல் தெரிந்தது, குறிப்பு தெரியவில்லை. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பு மட்டும்தான் இரண்டு அதிகாரங்களுக்கு உண்டு, பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. அரசனிடம் நிற்பவனுக்கும் காதலிப்பவனுக்கும் தேவைப்பட்ட அந்தத் திறமை, கோலாலம்பூரில் கல்யாணச் சாப்பாட்டுக்கு ஆள் எண்ணுகிறவருக்கும் தேவைப்படுகிறது.

இப்படி நழுவலாகப் பேசுவதை நம் ஆட்களின் குறை என்று சொல்லுகிறவர்கள் நிறைய. நேராகப் பேசத் தெரியாது, முகத்துக்கு நேரே ஒன்று முதுகுக்குப் பின்னால் ஒன்று என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தமிழ் இதற்கென்றே நல்ல நல்ல கருவிகளைச் செய்து வைத்திருக்கிறது. அவை எப்படி வேலை செய்கின்றன, எப்போது கெட்டுப்போகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அந்தப் 'பார்க்கலாம்'. தமிழ் வினைச்சொல்லின் வால் பொதுவாக எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். வருகிறேன் என்றால் நான், வருகிறாய் என்றால் நீ, வருகிறார்கள் என்றால் அவர்கள். எழுவாயைச் சொல்லாமல் விட்டாலும் வினைமுற்று சொல்லிவிடும். 'லாம்' சேர்ந்தால் அந்த வால் அறுந்துபோகிறது. நான் பார்க்கலாம், நீ பார்க்கலாம், நாம் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதோடு அர்த்தமும் மூன்றாகப் பிரிகிறது. 'உள்ளே வரலாம்' என்றால் அனுமதி. 'சாயங்காலம் மழை வரலாம்' என்றால் ஊகம். 'வாங்க, பசியாறிட்டு வரலாம்' என்றால் அழைப்பு. ஆக 'பார்க்கலாம்' என்று ஒருவர் சொல்லும்போது, யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது, அது உறுதியா விருப்பமா ஊகமா என்பதையெல்லாம் இலக்கணமே திறந்து விட்டுவிடுகிறது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. கேட்டவருக்கு வாக்கும் கொடுக்கவில்லை.

அப்படியானால் கிள்ளான் மாமாவின் பார்க்கலாமுக்கு ஆறு இலை போடலாம் என்று சித்திக்கு எப்படித் தெரிந்தது? மாமாவை முப்பது வருடமாகத் தெரியும், அதனால்தான். தமிழ்நாட்டில் 'ஆகட்டும் பார்க்கலாம்' என்ற சொல் காமராசரோடு ஒட்டிக்கொண்ட சொல். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவர், மனு கொடுக்க வந்தவர்களிடம் சொன்னதும் இந்த இரண்டு சொல்தான். இன்னொருவர் சொன்னால் தட்டிக்கழிப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடிய அதே சொல்லை, அவர் சொன்னபோது வேலை நடந்துவிடும் என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். அகராதியில் தேடினால் அந்த உறுதி கிடைக்காது. சொன்னவருடைய பழைய நடத்தையில்தான் அது இருக்கிறது.

கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் வேறொன்றைச் சொல்வதையும் நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் விடைகளை எட்டாகப் பிரித்தார். பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. தேர்வு முடிந்ததும் மறந்தும் போயிருப்போம். அதை எடுத்துத் தெருவில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

நம் தாமானில், அதாவது குடியிருப்பில், லோரி வைத்திருக்கிற ஒரு அண்ணன் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணே, சனிக்கிழமை வீடு மாத்துறேன், லோரி எடுத்துட்டு வர்றீங்களா?" என்று கேட்கிறீர்கள். "வர்றேன்" என்றால் நேர். "வர முடியாது தம்பி" என்றால் மறை. இந்த இரண்டையும் அவர் சொல்லமாட்டார். "உங்க மச்சான்கிட்ட பிக்கப் இருக்கே, அவரைக் கேளுங்களேன்" என்பார், அது ஏவல். "நீங்க கேட்டு நான் வராம இருப்பேனா?" என்பார்; அது வினா எதிர் வினாதல், பூச்சோங் அண்ணன் சொன்னதும் அதுதான். "கிளட்ச் போய்க் கிடக்குது தம்பி" என்றால் தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறார், உற்றது உரைத்தல். "சனிக்கிழமை எம்ஆர்ஆர் டூ ரோட்டுல ஜாம் பிச்சிக்கும்" என்றால் இனி நடக்கப்போவதைச் சொல்கிறார், உறுவது கூறல். "ஞாயித்துக்கிழமைன்னா சொல்லுங்க" என்றால் கேட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்கிறார், இனமொழி.

இவற்றில் எதிலும் இல்லை என்ற சொல் கிடையாது. ஆனால் கேட்டவர் வேறு லோரி தேட ஆரம்பித்துவிடுவார், அல்லது ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்வார். நன்னூல் இதைத் தவறு என்று ஒதுக்கவில்லை. முதல் மூன்றும் நேரான விடை, மீதி ஐந்தும் விடையின் பொருளைத் தருவதால் விடையாக ஏற்கப்படும் என்கிறது. உரைகாரர்கள் முதல் வகையைச் செவ்வன் இறை என்றும் அடுத்ததை இறை பயப்பது என்றும் அழைத்தார்கள். இறை என்றால் இங்கே விடை. விடையாக இல்லாமலே விடையைப் பயக்கிற பேச்சு. தொல்காப்பியமும் இதைத் தொட்டிருக்கிறது: வினாவுக்கு எதிராக வரும் வினாவும் விடைதான், விடை கொஞ்சம் வழுவினாலும் அந்தப் பொருளோடு பொருந்தினால் தள்ள வேண்டியதில்லை என்று கிளவியாக்கத்தில் சொல்கிறது.

மேற்கில் இதே விஷயத்தை முறையாக எடுத்துப் பேசியவர் தத்துவ அறிஞர் பால் கிரைஸ். 1967இல் ஹார்வர்டில் நிகழ்த்திய உரைகள். அதில் இதற்கான பகுதி 1975இல் அச்சானது. பேசுகிற இருவரும் ஒத்துழைக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் உரையாடல் நடக்கிறது என்பது அவர் வாதம். தேவையான அளவு சொல், உண்மையைச் சொல், பொருத்தமாகச் சொல், தெளிவாகச் சொல் என்று நான்கு எதிர்பார்ப்புகள். ஒருவர் இவற்றில் ஒன்றை வெளிப்படையாகவே மீறினால், கேட்பவர் 'ஏன் மீறினார்?' என்று யோசித்து மறைபொருளைப் பிடித்துக்கொள்கிறார். அவர் தந்த ஓர் உதாரணம் எல்லோருக்கும் புரியும். தத்துவத் துறை வேலைக்கு விண்ணப்பித்த மாணவனுக்காக ஆசிரியர் எழுதிய பரிந்துரைக் கடிதத்தில், அவனுடைய ஆங்கிலம் சிறப்பு, வகுப்புக்கு ஒழுங்காக வருவான் என்பதோடு முடிகிறது. தத்துவம் பற்றி ஒரு வரி இல்லை. சொல்லாமல் விட்டதுதான் அங்கே விடை. கிளட்ச் போன கதையும் இதே வகைதான். லோரி கேட்டால் எதற்கு கிளட்சைப் பற்றிப் பேசுகிறார் என்ற ஒரு நொடி யோசனையில் பதில் கிடைத்துவிடுகிறது.

சரி, ஏன் இவ்வளவு சுற்று? 'முடியாது' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் என்ன?

அதற்குத் தமிழில் ஒரு பழைய சொல் இருக்கிறது: முகதாட்சண்யம். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்க முடியாமல் போவது. முகத்தை முறிக்காதே, முகம் கொடுத்துப் பேசு, மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லாதே என்று வீட்டில் எத்தனை தடவை கேட்டிருப்போம். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் இதை ஆயர் மூக்கா என்பார். ஆயர் என்றால் நீர். மூக்கா என்றால் முகம், நம்முடைய முகத்துக்கும் அந்த மூக்காவுக்கும் சமஸ்கிருதத்தில் ஒரே வேர். ஒருவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தால் அவருடைய ஆயர் மூக்கா விழுந்துவிட்டது என்பார்கள். சீனர்களிடமும் முகத்தை இழப்பது என்ற பேச்சு உண்டு. எர்விங் கோஃப்மன் 1955இல் முகம் என்பதை ஒரு சமூகவியல் கருத்தாக எழுதியபோது, சீனரின் முகம் பற்றிய எழுத்துகளையும் குறிப்பிட்டிருந்தார்.

அங்கிருந்து அது நம்மிடமே திரும்பி வந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெனலப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரு ஆய்வாளர்கள், மரியாதையான பேச்சு உலகம் முழுக்க ஒரே தர்க்கத்தில்தான் நடக்கிறதா என்று ஆராய்ந்தார்கள். 1978இல் முதலில் வெளிவந்து, 1987இல் தனி நூலாகவும் வந்தது அந்த ஆய்வு. அதற்கு அவர்கள் அடிப்படையாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகள்: ஆங்கிலம், மெக்சிகோவில் பேசும் ட்செல்தால், தமிழ். தமிழுக்கு அவர்கள் போன இடம் கோயம்புத்தூர் பக்கத்துக் கிராமம். ஆக, இன்று உலகமெங்கும் மொழியியல் மாணவர்கள் படிக்கிற மரியாதைக் கோட்பாட்டுக்குள் நம் ஊர்ப் பேச்சும் உட்கார்ந்திருக்கிறது. மற்றவரிடம் ஒன்று கேட்பதும் மறுப்பதும் அவர் முகத்துக்கு ஆபத்து. ஆபத்து கூடக் கூட, மனிதர்கள் நேர்ப்பேச்சிலிருந்து குறிப்புப் பேச்சுக்கு நகர்கிறார்கள் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். குறிப்பாகப் பேசினால் பின்வாங்க இருவருக்குமே இடம் இருக்கும். லோரி அண்ணன் மறுக்கவில்லை, நீங்களும் மறுக்கப்படவில்லை. நாளைக்கு மாமாக் கடையில் பார்த்தால் ஒன்றாகத் தேத்தாரே குடிக்கலாம்.

'சும்மா' என்ற சொல்லை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறார். "என்ன மாமா, திடீர்னு?" "சும்மாதான், இந்தப் பக்கம் வந்தேன்." அரை மணி நேரம் பிள்ளைகள் படிப்பு, டெங்கி, பாமாயில் விலை. பசியாறியாகிறது. வாசல் வரை வந்து செருப்பை மாட்டும்போது, "அப்புறம், ஒரு ஐந்நூறு வெள்ளி..." சும்மா என்று சொன்னது பொய்யா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்ததுமே கேட்டிருந்தால், இல்லையென்று சொன்ன பிறகு அந்த அரை மணி நேரத்தை இருவரும் எப்படிக் கழிப்பது? 'சும்மா' இருவருக்கும் ஒரு வழியைத் திறந்து வைக்கிறது. வீட்டுக்காரர் பேச்சோடு பேச்சாக, "இந்த மாசம் ரோட் டெக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் ஒண்ணா வந்துடுச்சு மாமா" என்று சொல்லிவிட்டால், செருப்பு மாட்டும்போது கேள்வியே வராது. சும்மா வந்தவர் சும்மாவே போய்விடுவார். கடனும் கேட்கவில்லை, மறுக்கவும் இல்லை.

பொருளே இல்லாத சொற்களுக்கும் இப்படி வேலை இருக்கிறது. காபி கீபி, பணம் கிணம், கடன் கிடன். முதல் எழுத்து குறிலானால் கி, நெடிலானால் கீ என்று மாற்றி அடுக்குகிறோம். கீபி என்று ஒரு பானம் இல்லை. ஆனால் "காபி குடிக்கிறீங்களா?" என்பதும் "காபி கீபி ஏதாச்சும்?" என்பதும் ஒன்றல்ல. முதலாவதுக்கு ஆமாம், இல்லை என்று சொல்லியாக வேண்டும். இரண்டாவதில் மைலோவும் தண்ணீரும், வேண்டாம் என்பதும் அடங்கும். "கடன் கிடன் வாங்கியிருக்கியாடா?" என்று அண்ணன் தம்பியைக் கேட்கும்போது, அந்தக் கிடன் கேள்வியின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்குகிறது. வாங்கியிருந்தால் சொல்லலாம், வேறு தொல்லை இருந்தாலும் சொல்லலாம்.

மலாயும் நமக்கு ஒன்று கற்றுக்கொடுத்திருக்கிறது. மலாயில் திடாக் என்றால் இல்லை, பெலும் என்றால் இன்னும் இல்லை. கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளை இருக்கிறதா என்று கேட்டால் திடாக் என்பது வெட்டிவிடும் பேச்சு. பெலும் என்பதே பழக்கம். நாற்பத்தைந்து வயதில் கல்யாணமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டவரும் பெலும் என்றுதான் சொல்வார். மலாயும் தமிழும் கலந்து வளர்ந்த நம் பிள்ளைகள் தமிழிலும் 'இன்னும் இல்லை ஆண்ட்டி' என்று சொல்வதைக் கவனித்திருக்கிறேன். கேட்ட ஆண்ட்டிக்குத் தலையிட ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது என்பது வேறு விஷயம். எங்கே போகிறீர்கள் என்பதற்குப் பதிலாகத் 'தூரமா?' என்று கேட்பது, அதற்கு 'இப்படிப் பக்கத்துல' என்று சொல்வது, மலாயில் 'சுடா மக்கான்', சாப்பிட்டாச்சா, என்பது, 'பசியாறியாச்சா' என்பது, இவையெல்லாம் தகவல் கேட்கும் கேள்விகளே இல்லை. உறவைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற பேச்சு. மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1923இலேயே இதற்குத் தனிப் பெயர் வைத்துவிட்டார். 'வந்துகிட்டே இருக்கேன்' என்பதும் பாதி இந்த வகைதான், குளியலறையிலிருந்து சொன்னாலும். ஆனால் வாட்சாப்பில் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கும் வழி வந்த பிறகு அதற்கு ஆயுள் குறைந்துவிட்டது.

இதுவரை சொன்னவற்றிலெல்லாம் இரண்டு பக்கமும் குறிப்பு தெரியும். அதனால்தான் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிந்தால் கதை மாறிவிடுகிறது.

எங்கள் வீட்டுக் குளியலறையில் நீர் கசிந்து கீழ்வீட்டுக் கூரையில் கறை படிந்தது. சரிசெய்ய வந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பாதிப் பணம் முன்பணமாக வாங்கினார், பதித்திருந்த ஓடுகளை உடைத்துப் போட்டார், பிறகு வரவில்லை. போன் செய்தால் "நாளைக்கு வந்துடுறேன் அண்ணே." மறுநாள் "சாமான் வந்துடுச்சாம், எடுத்துட்டு வந்துடுறேன்." அப்புறம் "பார்த்துச் செய்யலாம் அண்ணே, ஒண்ணும் கவலைப்படாதீங்க." மூன்று வாரம் வாளியில் தண்ணீர் பிடித்துச் சமையலறைப் பின்கட்டில் குளித்தோம். அவர் நாளைக்கு என்று சொன்னபோது நாளைக்கு வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. லோரி அண்ணன் கிளட்ச் என்று சொன்னால் நான் வேறு லோரி தேடுவேன். இவர் நாளைக்கு என்று சொன்னதால் நான் வேறு ஆளைத் தேடவில்லை. ஒரே குழைவு, ஒரே அண்ணே. ஒன்று என்னை விடுவிக்கிறது, இன்னொன்று கட்டிப்போடுகிறது.

அந்தச் 'சாமான் வந்துடுச்சாம்' என்பதையும் கவனியுங்கள். தமிழில் 'ஆம்' என்ற ஒட்டு, இது நான் பார்த்ததல்ல, கேட்டது என்று காட்டுகிற நேர்த்தியான கருவி. வதந்தியையும் கண்டதையும் ஒரே எழுத்தில் பிரித்துவிடும். பல மொழிகளில் இதற்கு ஒரு வாக்கியமே தேவைப்படும். நேர்மையாகப் பயன்படுத்தினால், எனக்குத் தெரிந்த அளவு இவ்வளவுதான் என்ற அடக்கம் அது. இப்படிப் பயன்படுத்தினால் பொறுப்பைக் கண்ணுக்குத் தெரியாத இன்னொருவர் தலையில் ஏற்றிவிடுவது. வரவில்லையா, சொன்னவன் மேல் தப்பு.

கடிதங்களில் இந்த வேலையைச் செய்வது 'படும்'. ஒரு விண்ணப்பத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு எழுதியபோது, பதில் மலாயில் வந்தது: விண்ணப்பம் செயல்முறையில் இருக்கிறது, உரிய நடவடிக்கை எடுக்கப்படும், அறிந்துகொள்ளவும். நான்கு மாதம் கழித்து மறுபடி எழுதியதற்கும் அதே வரிகள். மலாயில் 'டி' என்ற முன்னொட்டு சேர்ந்தால், செய்தவர் பெயர் இல்லாமலே வாக்கியம் நிறைவாக நிற்கும்: திண்டாக்கான் அக்கான் டிஅம்பில். தமிழில் நடவடிக்கை எடுக்கப்படும். யார் எடுப்பார்? எந்த நாளுக்குள்? எடுக்காவிட்டால் யாரிடம் போவது? இந்த மூன்று கேள்விக்கும் வாக்கியத்தில் இடமே இல்லை. 'பார்க்கலாம்' என்பதில் வினையின் வால் அறுந்ததைப் போலத்தான் இதுவும். ஆனால் சித்திக்குக் கிள்ளான் மாமாவைத் தெரியும். அந்தக் கடிதத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. குறிப்பறிய முகம் வேண்டும். முகம் இல்லாத இடத்தில் நேர்ப்பேச்சு மட்டும்தான் நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

சட்டம் இதை உணர்ந்திருக்கிறது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 30ஆவது பிரிவில், பொருள் உறுதியாக இல்லாத, உறுதியாக்கவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அங்கே தரப்பட்ட உதாரணம்: நூறு டன் எண்ணெய் விற்கிறேன் என்று ஒருவர் ஒப்புக்கொள்கிறார், எந்த எண்ணெய் என்று எதிலிருந்தும் தெரியவில்லை, ஒப்பந்தம் செல்லாது. தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கிற வியாபாரியாக இருந்தால் செல்லும், ஏனென்றால் அவருடைய தொழிலே குறிப்பைத் தந்துவிடுகிறது. சித்தி நோட்டைப் படித்த முறையும் இதுதானே. வீட்டு வேலையை எடுத்துச் செய்கிறவரோடு தகராறு என்றால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, வைக்கவும் விடமாட்டார்கள். ஆனால் அங்கே என்ன வேலை, எவ்வளவு, எந்த நாளுக்குள் என்று காட்ட ஏதாவது வேண்டும். என் போனில் இருந்தது முழுக்க நாளைக்கும் பார்த்துச் செய்யலாமும்தான். இப்போதெல்லாம் வேலை பேசி முடித்த அன்றே, 'அண்ணே, ஓடு பதிக்கிற வேலை 18ஆம் தேதிக்குள் முடியும்னு சொன்னீங்க, சரிதானே?' என்று ஒரு வாட்சாப் அனுப்பிவிடுகிறேன். சரி என்று ஒரு சொல் வந்தால் போதும்.

இதுவரை பிறர் சொன்னதைச் சொன்னேன். நான் சொன்ன ஒன்றும் இருக்கிறது.

அப்பாவுக்கு நுரையீரலில் கட்டி என்று தெரிந்தபோது மருத்துவர் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசினார். அப்பாவுக்குக் கடைத்தெரு மலாய் போதும். இந்தப் பேச்சுக்குப் போதாது. மொழிபெயர்ப்பது என் வேலையானது. இனி குணப்படுத்துகிற சிகிச்சை இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்றார் மருத்துவர். நான் சொன்னது: "நல்லா பார்த்துக்குவாங்களாம்ப்பா." அந்த ஒரு 'ஆம்'இல் முதல் பாதி முழுக்க மறைந்துபோனது. "வீட்டுக்கு எப்ப போலாமாம்?" "சொல்றேன்னு சொன்னாரு."

இரண்டு நாள் கழித்து, அம்மா கீழே தண்ணீர் வாங்கப் போயிருந்த நேரத்தில், அப்பா மோட்டோ சைக்கிளின் கெரான், அதாவது உரிமைப் பத்திரம், எந்த டிராயரில் இருக்கிறது, இபிஎஃப் கடிதங்கள் எந்தக் கோப்பில் இருக்கின்றன என்று சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. என் தமிழில் நான் விட்டதை அவர் படித்திருந்தார். அது எங்கள் இருவருக்கும் இடையில் சரியாகவே வேலை செய்தது. அவர் கேட்க விரும்பாததை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, நான் சொல்ல முடியாததை அவர் கேட்கவில்லை.

அம்மா என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார். நல்லா பார்த்துக்குவாங்களாம் என்றால் நன்றாகிவிடும். மாடியில் இருந்த கட்டிலைக் கீழ் அறைக்கு இறக்கினார், புது மெத்தை வாங்கினார், தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டார். அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டிய நாளில் எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவோடு பேசிக்கொள்ள வேண்டியதைப் பேச அவருக்கு இருந்த மூன்று வாரங்களை என் குழைவான சொல் எடுத்துக்கொண்டது.

மருத்துவர்களுக்கு இதற்கென்று பயிற்சி இருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். 2000ஆம் ஆண்டில் வெளியான ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறை, புற்றுநோய் மருத்துவர்கள் கெட்ட செய்தியைச் சொல்வதற்காக வகுத்தது. அதில் செய்தியைச் சொல்வது நான்காவது படி. அதற்கு முன், நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேட்பது இரண்டாவது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது மூன்றாவது. எனக்கு அந்த மூன்றாவது படி தெரிந்திருந்தால், அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "டாக்டர் சொன்னதை முழுசா சொல்லட்டுமாம்மா, இல்ல கொஞ்சம் கொஞ்சமா கேட்டுக்குறீங்களா?" என்று கேட்டிருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக என்று அவர் சொல்லியிருந்தால், அதுவே பாதி செய்தியைச் சொல்லியிருக்கும்.

கேள்வியை மாற்றினால் பதிலும் மாறுகிறது என்பதைச் சித்தியும் செய்து காட்டினார். அந்தச் செந்தூல் மாலையில், மூன்றாவது பத்தியில் அவருக்கே புரியாத பதினோரு பெயர்கள் மிஞ்சின. மாப்பிள்ளை பக்கத்து ஆட்கள், மகளுடைய ஆபீஸ் தோழிகளின் அம்மா அப்பாக்கள். அவர்களுடைய பார்க்கலாமைப் படிக்கச் சித்தியிடம் முப்பது வருடப் பழக்கம் இல்லை. மகள் மறுபடியும் போனை எடுத்தாள். "வருவீங்களா ஆண்ட்டி?" என்று ஆரம்பிக்கப் போனவளைச் சித்தி தடுத்து, போனைத் தான் வாங்கிக்கொண்டார்.

"வணக்கம்மா, பொண்ணோட அம்மா பேசுறேன். சமையலுக்குச் சொல்லணும், அதான். உங்க வீட்டுக்கு எத்தனை இலை போடச் சொல்லட்டும்? அன்னைக்கு வேற வேலை இருந்தா பரவால்லம்மா, பலகாரம் வீட்டுக்குக் கொடுத்து விட்டுடுறேன்."

அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. பிறகு, "ரெண்டு போடுங்கக்கா" என்றார்கள். அடுத்த வீட்டில், "அன்னைக்கு எங்க நாத்தனார் வீட்டுப் புதுமனைக்கா, பலகாரம் போதும்" என்றார்கள். பதினோரு வீட்டையும் முடித்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்குச் சமையல்காரருக்கு எண்ணிக்கை போனது.